கடிகாரத்தைச் சரிபார்

முதுநகர் துறைமுகத்துக்குப் பின்னால்
ஐஸ் பேக்டரியின் மாடி அறை.
கீழே அம்மோனியா கம்ப்ரசர்
ராத்திரி முழுக்க ஒரே சொல்லைச் சொல்கிறது.
மேலே நான் வேறொரு சொல்லுக்குக் காத்திருக்கிறேன்.

அழுத்தத்தைத் திரையில் காட்டுகிற சின்ன நிரல், அவ்வளவுதான்.
அதற்கு ஒரு நூலகம் வேண்டும்.
நூலகத்துக்கு இன்னொன்று.
அந்த இன்னொன்றுக்கு, சம்பந்திக்குச் சம்பந்தி மாதிரி,
யாரும் பத்திரிகை வைக்காத பதினேழு பேர்.
எல்லாரையும் மூலத்திலிருந்து கட்டியாக வேண்டும்.
ஜமீல் மரைக்காயர் எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்ட பெட்டி இது.
இதற்கென்று ஆயத்தமாய்
எவரும் எதையும் செய்து வைப்பதில்லை இப்போது.

முதல் முறை நின்றது.
இரண்டாம் முறையும் நின்றது, இன்னும் சீக்கிரமாய்.
கடைசி வரியில் ‘பிழை 1’.
அது செத்த சேதி மட்டும்.
எப்படி என்று சொல்லாது.

நெட்வொர்க்கைத் திட்டினேன்.
சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று
கோப்புகளை இறக்க மறுத்தது அது.
காலாவதியான சான்றிதழ் நூறு பார்த்திருக்கிறேன்,
பிறக்காத சான்றிதழை இன்றுதான் பார்க்கிறேன்.
பார்த்தும் யோசிக்கவில்லை,
பென்டிரைவில் கொண்டுவந்து கொட்டினேன்.
பிறகு நினைவகத்தின் மேல் பழி போட்டேன்.
நாலு வேலையை ஒரே நேரத்தில் இழுக்காதே என்று
பெட்டிக்குச் சொன்னேனா எனக்கா தெரியவில்லை,
ஒன்றன்பின் ஒன்றாக விட்டேன்.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பி
அழுகிய கோசு நாற்றம் வந்தது.
ஜன்னலைச் சாத்தினேன்.

இரண்டு மணிக்குத் தேசிங்கு டீ கொண்டுவந்தான்.
“முடியலையா மேடம்? மூணுக்கு போட்டுக்காரங்க வந்துடுவாங்க.”
“முடியல.”
“எங்க நின்னுச்சு?”

நிஜமாகவே எங்கே?
நான் பார்த்துக்கொண்டிருந்தது கடைசி வரியை.
மேலே போனேன். நூறு வரி, நானூறு,
கருவாட்டில் ஈ மொய்த்த மாதிரி எச்சரிக்கைகள்.
எல்லாவற்றுக்கும் மேலே, முதலாவதாய் வந்து,
யாரும் படிக்காமல் ஓடிப்போன ஒன்று:

புதிதாய் உண்டாக்கிய கோப்பு
கூட வந்த கோப்புகளைவிடப் பழையதாய் இருக்கிறது.
உங்கள் கடிகாரத்தைச் சரிபார்க்கவும்.

தேதி கேட்டேன்.
2004, ஜனவரி 1, காலை ஆறு பத்து.

பெட்டிக்குள்ளே காசளவு பேட்டரி
செத்து எத்தனை வருஷமோ.
நேற்று ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் வந்தபோது
தான் அறிந்த முதல் நாளிலிருந்து
மறுபடி எண்ணத் தொடங்கியிருக்கிறது.
நான் கொடுத்த கோப்புகள் எல்லாம்
அதற்கு இன்னும் நடக்காதவை.

தேசிங்கு குனிந்து பார்த்தான்.
தேவனாம்பட்டினத்துக்காரன்.
“ரெண்டாயிரத்து நாலு” என்றான்.
கொஞ்சம் பொறுத்து, “ஜனவரி.”
அப்புறம், திரையிடம் சொல்வதுபோல,
“டிசம்பருக்கு நாள் கிடக்குது.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பாதி டீ இருந்த டம்ளரை
எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

சரியான தேதியைத் தட்டினேன்.
என்டரின் மேல் விரல் நின்றது.
எவ்வளவு நேரம் என்று அந்தப் பெட்டியைக் கேட்டுப் பயனில்லை.
அழுத்தினேன்.
இருபது வருஷத்துக்கு மேல்
ஒரு வரிகூடப் பதிவாகாமல் போனது.

பழையதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து.
கீழே பாளத்தை உடைக்கிற சத்தம்,
தேசிங்கு யாரையோ அதட்டுகிறான், பெட்டிகள் நகர்கின்றன.
ஒன்று, இரண்டு, ஏழு, பத்து.
பதினொன்றாவதில் நின்றது.

இந்த முறை நேராக மேலே போனேன்.
ஒரு தலைப்புக் கோப்பு இல்லையாம்.
தேடிப் பார்த்தேன், இல்லைதான்.
இல்லாததை இல்லை என்று சொல்கிற பிழை.
அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

விடிந்ததும் மஞ்சக்குப்பத்தில்
வாட்ச் கடை திறந்தால்
நாற்பது ரூபாய்க்கு ஒரு பேட்டரி.
இல்லை, இரண்டாக வாங்க வேண்டும்.